காவல் நிலையமும் நம் கல்வியும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவிலே காவல் துறையைப் பற்றி என்ன பேச இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளி, விடுதி, உதவித்தொகை, நூலகம் ஆகியவையே நமக்குரிய பொருள்கள் என்பது அவர்தம் எண்ணம். ஆயின் நம் மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் எழுத்து பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் மட்டும் எழுதப்படுவதில்லை. காவல் நிலையத்துப் பதிவேட்டிலும் அது எழுதப்படுகிறது. நாம் சொல்ல, வேறொருவர் எழுத, என்ன எழுதப்பட்டது என்று அறியாமலே நாம் கைந்நாட்டு வைத்து வந்த இடம் அது. ஆகவே எழுத்தறிவைப் பற்றிப் பேசும் சங்கம் அந்த இடத்தைப் பற்றியும் பேசியே ஆகவேண்டும். காவல் துறையைப் போற்றுவதோ தூற்றுவதோ நம் நோக்கமன்று. அதன் அன்றாடப் பணி யாது, அதில் நமக்குரிய பங்கு யாது என்பதை எடுத்துரைப்பதே நோக்கம்.

முதலில் சிறிது வரலாறு. சென்னை மாகாணத்தில் வரி தண்டுவோரும் காவல் செய்வோரும் ஒரே கையினராய் இருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் குடிகள் பட்ட துன்பங்களை ஆராய அமைக்கப்பட்ட சித்திரவதை விசாரணைக் குழு 1855-ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. விரல்களை நெரிக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாளும் அந்த அறிக்கையில் இடம்பெற்றுள்ளன. அதன் பின்னரே 1859-ஆம் ஆண்டின் சட்டத்தால் வருவாய்த் துறையினின்றும் பிரிக்கப்பட்ட தனிக் காவல் துறை மாவட்டங்களில் உருப்பெற்றது. குடிகளைத் துன்பத்தினின்றும் காக்கும் சீர்திருத்தமாகவே அது பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

எனினும் அதே துறையின் கையில்தான் பின்னர்க் கைரேகைச் சட்டம் என மக்கள் அழைத்த குற்றப் பரம்பரைச் சட்டமும் ஒப்படைக்கப்பட்டது. 1871-இல் வடநாட்டில் தொடங்கிய அச்சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. பிறப்பினாலேயே ஒருவன் குற்றவாளி என்றது அச்சட்டம். இரவில் நிலையத்திற்கு வந்து முகம் காட்டவேண்டும். ஊர் விட்டு ஊர் போக அனுமதி பெறவேண்டும். வேப்பூர்ப் பறையர் என்று அரசுப் பட்டியலில் குறிக்கப்பட்ட நம்மவரும் அதில் சிக்குண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதிலும் 1952-இலும் அச்சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்த நாளிலேயே அச்சம் ஒழிந்துவிடுமா? காக்கி உடையைக் கண்டதும் நம் பாட்டன்மார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றனர் என்றால், அது கோழைத்தனத்தால் அன்று. அவர்கள் பட்டறிந்த பாடம் அது.

மற்றொரு வரலாறும் நமக்கு உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்து மண்ணில் பிறந்த திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்கட்டடம் ஆகியவற்றில் நம் மக்கள் தடையின்றிப் புழங்கலாம் என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்து நிறைவேற்றுவித்தார். எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1938-இல் சமூக இழிவு நீக்கச் சட்டம் வந்தது. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவு பெற்ற அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும், 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பிறந்தன. இத்தனை சட்டங்களும் எங்கே உயிர் பெறுகின்றன? ஓர் ஏழைத் தாய் மனுவோடு ஏறி நிற்கும் காவல் நிலையப் படியில்தான். அங்கே மனு வாங்கப்பட்டால் சட்டம் உயிரோடு இருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்டால் அது புத்தகத்தோடு நின்றுவிடுகிறது.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் ஆந்திர எல்லையை ஒட்டி நிற்பது கும்மிடிப்பூண்டி. கொல்கத்தா நெடுஞ்சாலையும் இருப்புப் பாதையும் ஊரை ஒட்டிச் செல்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளும் பிற தொழிற்சாலைகளும் இரவு பகலாய் இயங்குகின்றன. எளாவூரில் சோதனைச் சாவடி இருக்கிறது. ஈழத்தினின்றும் ஏதிலிகளாய் வந்தோர் வாழும் முகாம் இருக்கிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆகிய மாநிலங்களினின்றும் வந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். கும்மிடிப்பூண்டி, சிப்காட், கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம், பாதிரிவேடு ஆகிய நிலையங்களின் காவலர்கள் இவ்வளவையும் கவனித்தாக வேண்டும்.

ஒரு காவலரின் நாள் எப்படிக் கழிகிறது? காலையில் அணிவகுப்பு, பிறகு ஒருவர் வாயிலில் பாரா நிற்க, ஒருவர் நீதிமன்றத்திற்குச் சம்மன் கொண்டு செல்ல, ஒருவர் மருத்துவமனையில் பிணக்கூறாய்வுக்குக் காத்திருக்க, ஒருவர் கடவுச்சீட்டு விசாரணைக்கு வீடு தேடி அலைய, எஞ்சியோர் சாலை விபத்து நடந்த இடத்தில் வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருப்பர். திருவிழா என்றால் பந்தோபஸ்து. தலைவர் வருகை என்றால் வெயிலில் வரிசை. இரவானால் ரோந்து. ஆந்திரத்திற்குக் கடத்தப்படும் நியாயவிலைக் கடை அரிசியும் அங்கிருந்து வரும் கஞ்சாவும் அவர்கள் கண்ணில் பட்டாக வேண்டும். காவலர் முதல் தலைமைக் காவலர் வரை உள்ளோர்க்கு வார விடுப்பு வழங்கத் தமிழக அரசு ஆணை பிறப்பித்ததே 2021-ஆம் ஆண்டில்தான். இவர்களும் உழைக்கும் வர்க்கத்தின் பிள்ளைகளே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

2024 அக்டோபர் 11-ஆம் நாள் இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி விரைவு வண்டி, நின்றிருந்த சரக்கு வண்டியின் மீது மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன. ஒரு பெட்டி தீப்பற்றியது. நல்வாய்ப்பாக உயிர்ச்சேதம் நேரவில்லை. இருளிலே முதலில் ஓடி வந்தோர் சுற்றுப்புற ஊர் மக்களும் காவலர்களும் மீட்புப் படையினருமே. அந்த இரவில் யார் எந்தத் தெருவினர் என்று எவரும் கேட்கவில்லை. காவலும் மக்களும் ஒருங்கே நிற்க இயலும் என்பதற்கு அந்த இரவு சான்று.

இப்பொழுது, காவல் நிலையத்து எழுத்து ஏழையின் வாழ்வை எவ்வாறு தொடுகிறது என்பதைப் பார்ப்போம். தொழிற்சாலையில் ஒரு கூலித் தொழிலாளி இறந்துபோகிறார். அவர் எங்கே, எந்த வேலையில், எவ்வாறு இறந்தார் என்பதை முதல் தகவல் அறிக்கை சொல்ல வேண்டும். ஆலைக்குள் நேர்ந்த சாவு ‘மயங்கி விழுந்து இறந்தார்’ என்று எழுதப்பட்டால், 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பழைய உரிமையைப் பெறவும், அச்சட்டத்தின் வழிவந்த இன்றைய விதிகளின்படி ஈட்டுத்தொகை பெறவும் அவருடைய மனைவி பல ஆண்டுகள் அலைய நேரும். ஒற்றைச் சொல்லில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது. நெடுஞ்சாலையில் அடிபட்டவர்க்கும் இதே நிலைதான். செங்கற் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்திற்குக் கட்டுண்டு கிடக்கும் இருளர் குடும்பத்திற்கும் இதே நிலைதான். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி வருவாய்த் துறை விடுதலைச் சான்று தருகிறது. காவல் துறை வழக்குப் பதிகிறது. இரண்டு தாளும் முறையாக இருந்தால்தான் மறுவாழ்வு முறையாகக் கிடைக்கும்.

நாம் அறிந்துகொள்ள வேண்டிய விதிகள் சில உள்ளன. மனு கொடுத்தவுடன் மனு ரசீது பெறவேண்டும், இதைச் சி.எஸ்.ஆர். என்பர். ஆனால் ரசீது வேறு, முதல் தகவல் அறிக்கை வேறு. கைது செய்தற்குரிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்ற விசாரணைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருப்பினும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். அறிக்கையின் நகல் கட்டணமின்றித் தரப்படவேண்டும். நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அங்கும் பயனில்லையேல் குற்றவியல் நடுவரை அணுகலாம். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த அல்லது 60 வயதைக் கடந்த ஆண்களையும் சாட்சிய விசாரணைக்கென நிலையத்திற்கு வருமாறு வற்புறுத்தலாகாது. அவர்தம் இருப்பிடத்தில்தான் விசாரிக்கவேண்டும். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்தவேண்டும். உறவினர்க்குச் செய்தி சொல்லவேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, அதனைப் படித்துக் காட்டிய பிறகே கையொப்பம் பெறவேண்டும் என்பது 2016 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் கட்டளை. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவரே புலனாய்வு செய்யவேண்டும். வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியருக்கு, அவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராயின், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. படித்துக் காட்டவேண்டும் என்னும் இந்த ஒரு விதிக்குப் பின்னால், தலைமுறை தலைமுறையாய் நம்மவர் வைத்த கைந்நாட்டுகள் அத்தனையும் நிற்கின்றன அன்றோ!

இத்தனை சட்டம் இருந்தும் நடைமுறை எவ்வாறுள்ளது? நம் கண்முன் நடந்ததையே கூறுவோம். கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தைச் சேர்ந்த ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலைவராக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நம் சமூகத்தைச் சார்ந்த அமிர்தம் அம்மையார். 2020 ஆகஸ்ட் 15-ஆம் நாள் விடுதலைத் திருநாளன்று தேசியக் கொடியை ஏற்றும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. செய்தி நாடெங்கும் பரவிற்று. ஆகஸ்ட் 20-ஆம் நாள் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து, அவர் கையாலேயே கொடியை ஏற்றச் செய்தனர். வன்கொடுமைச் சட்டப்படி வழக்கும் தொடரப்பட்டது. ஊராட்சித் தலைவர் தம் கடமையைச் செய்ய விடாமல் அச்சுறுத்துவது அச்சட்டத்திலேயே தனிக் குற்றமாகக் குறிக்கப்பட்டுள்ளது.

ஐந்தே நாளில் அநீதி திருத்தப்பட்டது. அதற்காக அந்த அதிகாரிகளைப் பாராட்டுகிறோம். ஆனால் நாம் சிந்திக்க வேண்டியது அந்த ஐந்து நாட்களைப் பற்றியன்று. அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி. ஓர் ஊரில் எந்தக் கோவிலில் தகராறு, எந்தத் தெருவில் பகை, எந்தக் கடையில் கள்ளச் சாராயம் என்பதை ரோந்துக் காவலரும் தனிப்பிரிவுக் காவலரும் அறிந்தே இருப்பர். அறிவது அவர்தம் வேலை. அவ்வாறே, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் நாற்காலியில் அமர்கிறாரா, கொடி ஏற்றுகிறாரா என்பதையும் முன்கூட்டி அறிவதும் அன்றாடக் காவற்பணியே ஆகும். தொலைக்காட்சியில் வந்த பிறகு நடப்பது சிறப்புப் பணி. வருமுன்னர்க் காப்பதே அன்றாடப் பணி. 2022 ஆகஸ்ட் மாதத்தில், பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது என்றால், ஆத்துப்பாக்கத்தின் துயரம் அங்கு மட்டும் நின்றதன்று என்பது விளங்கும்.

அடுத்த சான்று தோக்கமூர். அதே வட்டத்தில் நம் மக்களின் நடமாட்டத்தைத் தடுத்து நின்ற சுவர், பல ஆண்டு முறையீட்டிற்குப் பின் 2022 அக்டோபரில் வருவாய்த் துறையினரால் காவல் பாதுகாப்போடு இடிக்கப்பட்டது. சுவரை இடிக்கும்போது காவலர்கள் அருகே நின்றார்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி. எழுப்பப்படும்போதே அவர்கள் வந்து நின்றிருந்தால் நம் மகிழ்ச்சி இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

மூன்றாவது தேர்வாய் கண்டிகை. ஏறத்தாழ 1,100 ஏக்கர் மேய்ச்சல் நிலம் தொழிற்பேட்டைக்காக எடுக்கப்பட்டபோது, அந்நிலத்தை நம்பி ஆடு மாடு வளர்த்த நம் மக்கள் எதிர்த்து நின்றனர். அங்கே காவலர்கள் அரசின் கட்டளையை நிறைவேற்றுவோராக எதிர்வரிசையில் நின்றனர். தொழில் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நம் பிள்ளைகளுக்கும் அவ்வாலைகளில் வேலை வேண்டும். ஆனால் அறப்போரில் ஈடுபடும் இளைஞர்மீது பதியப்படும் வழக்கு, அவர்தம் எதிர்காலத்தின்மீது விழும் பூட்டு ஆகிவிடுகிறது. இதைச் சற்று விளக்கவேண்டும்.

அரசு வேலைக்குத் தேர்வான பின் காவல் துறை நன்னடத்தை விசாரணை செய்கிறது. காவலர் பணிக்கான விதிகளில், நிலுவையில் உள்ள குற்றவழக்கு தடையாகும். ஐயத்தின் பயனால் விடுதலை பெற்றவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவர் என்று அவ்விதி கூறுகிறது. ஊர்த்தகராறில் நம் தரப்பில் ஒரு மனு கொடுத்தால், எதிர்த்தரப்பிலும் ஒரு மனு வாங்கி இரு தரப்பின்மீதும் வழக்குப் பதியும் பழக்கத்தை நம் ஊர்களில் அறியாதார் இல்லை. பெரிய வீட்டுப் பிள்ளைக்கு அந்த வழக்கு ஒரு சிறு தொல்லை. பத்தாம் வகுப்பு முடித்து, காலையில் வயல் வரப்பில் ஓடிப் பழகும் நம் பிள்ளைக்கோ அதுவே வாழ்க்கையின் முடிவு. ‘சமாதானமாகப் போய்விடுங்கள், பையன் வேலைக்குப் போகவேண்டும் அல்லவா’ என்னும் அறிவுரை இதனால்தான் நம் பெற்றோரின் வாயை அடைத்துவிடுகிறது. இருவர்மீதும் வழக்குப் போடுவது நடுநிலை போலத் தோன்றலாம். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒன்றாக நிறுத்துவது நடுநிலையாகாது. காவல் அதிகாரிகள் இவ்விழாவிற்கு வந்திருப்பின், இந்த ஒன்றைத்தான் அவர்களிடம் வேண்டுகோளாக வைக்கிறோம்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. நம்மூர்த் தொழிற்பேட்டையில் இன்று யார் எளியவர்? மொழி தெரியாமல், தகரக் கொட்டகையில் பத்துப் பேராய்த் தங்கி, இரவு வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளி. ஏதேனும் களவு நடந்தால் முதலில் ஐயுறப்படுகிறவர் அவரே. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்யான படக்காட்சிகள் பரப்பப்பட்டன. காவல் துறை அவை பொய்யென விளக்கி, தொழிலாளர் குடியிருப்புகளுக்கே சென்று அச்சம் நீக்கிற்று. அன்று காவலர் செய்ததை நாமும் நாள்தோறும் செய்தல் வேண்டும். பிறப்பைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளி எனக் கருதும் கொடுமையை அனுபவித்த நாம், பிறிதொருவர்மீது அதைச் சுமத்தலாகாது.

இனிச் செய்ய வேண்டுவன. முதலாவது, நம் இரவுப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் மனு எழுதக் கற்பித்தல். நாள், நேரம், இடம், நடந்தது, கண்டவர் பெயர் ஆகிய ஐந்தும் தெளிவாய் அமைந்த ஒரு பக்க மனுவை ஒன்பதாம் வகுப்பு மாணவியும் எழுதக்கூடும். எழுதியதற்குப் படி எடுத்து வைத்தலும், ரசீது எண்ணைக் குறித்து வைத்தலும் அந்தப் பாடத்தின் பகுதிகளே.

இரண்டாவது, தனியே செல்லாதிருத்தல். நிலையத்திற்குச் செல்லும் எவருடனும் படித்த இருவர் துணை செல்லவேண்டும். கூச்சலிடுவதற்கு அன்று, எழுதப்படுவதைப் படித்துப் பார்ப்பதற்கு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்குரைஞர் உதவி உண்டு. 15100 என்னும் எண்ணில் கேட்கலாம். இதனை ஒவ்வொரு காலனியின் சமுதாயக் கூடத்திலும் எழுதி வைப்போம்.

மூன்றாவது, நம் பிள்ளைகள் காவல் பணிக்குச் செல்லுதல். இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பொதுப் பிரிவில் ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ.; நமக்கு 167. பெண்களுக்கு முறையே 159, 157. வயது வரம்பிலும் நமக்குச் சலுகை உண்டு. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடவேண்டும்; தமிழ்த் தகுதித் தேர்வில் 40 விழுக்காடு மதிப்பெண் பெறவேண்டும். 1973-இல் தமிழகக் காவல் துறையில் பெண்கள் முதன்முதல் சேர்க்கப்பட்டபோது அவர்கள் தொகை 22 மட்டுமே: ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் எழுந்தது. இன்று மாநிலமெங்கும் அத்தகைய நிலையங்கள் உள்ளன. பெண் ஒருத்தி எதிரே அமர்ந்து கேட்கும்போது, இன்னொரு பெண்ணுக்குச் சொல்லத் துணிவு பிறக்கிறது. அதுபோலவே, காலனியைத் தெரிந்த ஒருவர் எழுதுகோலைப் பிடித்திருக்கும்போது, காலனியின் துயரம் சரியான சொல்லில் பதிவாக வழி உண்டு. ஆனால் அப்பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி அனுப்புவோம்: நம்மவர்க்குச் சலுகை காட்ட அன்று நீங்கள் செல்வது. எவர் வந்தாலும் நாற்காலி காட்டி, சொல்வதைக் கேட்டு, உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

பெரியோர்களே! இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் சங்கம் தோன்றியபோது, நம் பிள்ளைகள் தம் பெயரைத் தாமே எழுதக் கற்கவேண்டும் என்பது முதல் வேண்டுகையாக இருந்தது. அது பெரிதும் நிறைவேறிற்று. இனி வரும் ஆண்டுகளில், நம்மைப் பற்றிப் பிறர் எழுதுவதைப் படித்துப் பார்த்து, சரியெனில் கையொப்பம் இடவும், பிழையெனில் திருத்தக் கேட்கவும் வல்லவர்களாய் நம் மக்கள் ஆதல் வேண்டும். அதற்கான முதல் மனு எழுதும் வகுப்பை எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமையே நம் நூலகத்தில் தொடங்குவோம். தாய்மார்கள் தவறாது வருக.